அம்மாவோட மனசு பாரத்த டாக்டர்கிட்ட மலாய்ல எப்படி சொல்றது?

மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அம்மா தோட்டத்துல பால்மரம் சீவுனவங்க, அப்பா போனதுலேர்ந்து "நெஞ்சுல பாறாங்கல்ல தூக்கி வெச்ச மாதிரி இருக்கு"ன்னே சொல்றாங்க. கிளினிக்ல இவங்கதான் மலாய்ல சொல்லிருக்காங்க, ஈசிஜி எடுத்து நார்மல்னு அனுப்பிட்டாங்களாம்.

தங்கச்சி, ஈசிஜி எடுத்தது சரிதான், அந்த வயசுல நெஞ்சுன்னா அததான் முதல்ல பாக்கணும். ஆனா பேச்சு அதோட நின்னுடுச்சு பாருங்க. நம்ம ஆளுங்க சோகத்த உடம்புலதான் வெச்சு பேசுவோம், நெஞ்சு அடைக்குது, தல கனக்குது, கைகால் ஓடல. டிப்ரஷன்கிற வார்த்தையே லத்தீன்ல 'கீழ அமுக்குறது'லேர்ந்து வந்ததுதான், அம்மாவோட கல்லும் அதே ஜாதி. ஜிம்பாப்வேல ஷோனா பேசுறவங்க இத குஃபுங்கிசிசாம்பாங்க, அதாவது ஓவரா யோசிக்கிறது.

ஆனா மனசு பாரத்த அப்படியே மலாய்ல போட்டீங்கன்னா கவுத்துடும். 'பெராட் ஹாத்தி'ன்னா அங்க தயக்கம், ஒண்ணு செய்ய மனசு வரல. மனசு வலிக்குதுன்னு 'சாக்கிட் ஹாத்தி'ன்னு சொன்னா, அம்மாவுக்கு யார் மேலயோ கடுப்புன்னு டாக்டர் நினைப்பாரு. (இத்தனைக்கும் உடம்புல ஹாத்தின்னா ஈரல், நெஞ்சே கிடையாது!)

வெறும் ஸ்ட்ரெஸ்னும் சொல்லிடாதீங்க, நாம மன அழுத்தம்ங்கறத ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் ரெண்டுக்கும் போட்டு குழப்பி வெச்சிருக்கோம். அழுத்தம்னா ஏதோ வெளியேர்ந்து அமுக்குது, பத்துமலைக்கு கூட்டிட்டு போய் வந்தா எறங்கிடும்பாங்க வீட்டுல, மனச்சோர்வுன்னா ஏதோ அசதின்னு எந்திரிச்சு நடக்க சொல்லுவாங்க.

கல்ல கல்லாவே சொல்லுங்க, "மச்சாம் அடா பாத்து டி டாடா" (நெஞ்சுல கல்லு இருக்குற மாதிரி), டாக்டருக்கு புரியும். கூடவே எத்தன வாரமா, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, முன்ன பிடிச்ச சீரியல், கோயில், பேரப்பிள்ளைங்க எதுலயாவது நாட்டம் இருக்கா, இதெல்லாம் எழுதிக்கிட்டு போங்க. டிப்ரஷன் இருக்கான்னு பாக்க பிஹெச்கியூ-9ன்னு 9 கேள்வி இருக்குற தாள் ஒண்ணு இருக்கு, அது கேக்குறதே கடைசி 2 வாரத்தத்தான், முதல் கேள்வியே நாட்டம் பத்தி. 'சாரிங்ஙான் கெமுருங்ஙான்', அதாவது டிப்ரஷன் சோதனை, செய்ய முடியுமான்னு நீங்களே கேளுங்க.

அந்த தாள்ல கடைசி கேள்வி சாவு பத்தினது. அம்மா "நானும் அவர்கிட்டயே போயிடறேன்"னு சொன்னா மட்டும் அத சும்மா பேச்சுவாக்குன்னு விட்டுடாதீங்க, நேராவே கேளுங்க, கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க, மனநல உதவி லைன் 15555க்கு அடிங்க, அவசரம்னா 999.