தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியுமா?

கேள்வி: மாலையானால் கணுக்காலில் காலுறையின் தடம் ஆழமாகப் பதிகிறது, வயிறும் உப்பிக்கொள்கிறது. தண்ணீர் குடிப்பதைக் குறைக்கலாமா?

பதில்: நீங்களாகக் குறைக்க வேண்டாம். உடலில் நீர் குறையும்போது மூளையிலிருந்து வெளிப்படும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோன், இருக்கும் நீரை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகங்களைத் தூண்டுகிறது; உண்ட உப்பிலுள்ள சோடியமும் தன் பங்குக்கு நீரை இருத்திக்கொள்வதால், முதலில் குறைக்க வேண்டியது உப்பைத்தான். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

வயிற்று உப்புசம் வேறு கதை. அது பெரும்பாலும் வாயுவாலும் மலச்சிக்கலாலும் வருவது. மடமடவென்று குடித்தால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்பதால், சிறுகச் சிறுகக் குடியுங்கள்.

விரலால் அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.