பல்லில் கலர் ஃபில்லிங் வைத்து ஒரு வாரமாகியும் நாக்கில் சொரசொரவென்று படுகிறது. நாளடைவில் சரியாகிவிடுமா?

ஆகாது. "போகப் போகப் பழகிடும்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். நாக்கு வேண்டுமானால் பழகும், ஃபில்லிங் தானாக வழவழப்பாகாது.

நான் பல் மருத்துவர். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில், நாக்குப் பக்கம் வரை இறங்கியிருந்த சொத்தைக்கு காம்போசிட், அதாவது பல் நிறத்திலேயே இருக்கும் இதே கலர் ஃபில்லிங், வைத்தேன். வெளியே கூட்டம். கடியைப் பார்த்து, மேடாக இருந்ததை மட்டும் டைமண்ட் பர்ரால் (சுழன்று தேய்க்கும் முனை) எடுத்துவிட்டு அனுப்பிவிட்டேன். நான்கு நாளில் திரும்பி வந்தார். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புண். "பேசினாலே எரியுது டாக்டர்" என்றார். பல்லைச் சோதிக்கும் கூரான கம்பியின் முனையைப் பல்லிலிருந்து ஃபில்லிங் பக்கம் மெதுவாக இழுத்தேன். பல்லில் வழுக்கிக்கொண்டு வந்த முனை ஃபில்லிங்கில் ஏறியதும் கரகரத்தது. விரலுக்கே தெரிந்தது. அந்தக் கரகரப்பு இன்னும் மறக்கவில்லை.

அன்று முறையாகச் செய்தேன். மெல்லிய பர், அப்புறம் அலுமினியம் ஆக்சைடு டிஸ்க்குகள், முரடானதிலிருந்து மிருதுவானது வரை வரிசையாக. ஒரு படியைத் தாண்டினால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும், மேலே பளபளப்பு மட்டும் வரும். இடையிடையே கழுவாவிட்டால் தங்கிய துகள் புதிதாகக் கீறும். அழுத்தித் தேய்த்தால் சூடேறும், ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். கடைசியாக ரப்பர் கப்பும் டைமண்ட் பேஸ்ட்டும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்.

இது அழகுக்காக மட்டும் இல்லை. சராசரி சொரசொரப்பு 0.2 மைக்ரானை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டினாலே கிருமிப் படலம் கூடுதலாக ஒட்டும். நாக்கு 0.3 மைக்ரானையே கண்டுபிடித்துவிடும். உங்கள் நாக்குக்குப் படுகிறதென்றால் எல்லை தாண்டிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

சக மருத்துவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எல்லா காம்போசிட்டும் ஒரே மாதிரி மெருகேறாது, அதில் கலந்திருக்கும் துகள் பெரிதாக இருந்தால் கஷ்டம்தான், எனக்கும் தெரியும். மெருகேற்றாமலே அனுப்புவதைத்தான் தவறு என்கிறேன். "பல் டாக்டர்தானே" என்று இளக்காரமாகச் சொல்லும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை: சின்னக் கண்ணாடியில் திரும்பித் தெரியும் பிம்பத்தைப் பார்த்து, எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நாங்கள் இவ்வளவையும் செய்கிறோம்.

சரி, நீங்கள் வைத்தவரிடமே போய் "பாலிஷ் பண்ணிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். தயங்க வேண்டாம், பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. மரத்துப்போகாத வாயில் கடியையும் ஒழுங்காகப் பார்க்க முடியும். நேராக மட்டும் கடித்துக் காட்டாமல், பக்கவாட்டிலும் அரைத்துக் காட்டுங்கள். வீட்டில் எதையாவது வைத்து நீங்களே தேய்த்துவிடாதீர்கள்.