‘மருத்துவர் சரிபார்த்தது’: எதைப் பார்க்கிறார்கள்?

கேள்வி: இணையத்தில் உடல்நலக் கட்டுரைகளுக்கு மேலே ‘மருத்துவரால் சரிபார்க்கப்பட்டது’ என்று போடுகிறார்களே, அப்படி என்னதான் பார்ப்பார்கள்?

பதில்: வேலை ஒழுங்காக நடக்கும் இடத்தில் மருத்துவருக்கு முன்பே இன்னொருவர் கட்டுரையை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு தகவலுக்கும் மூலம் கேட்பார். பத்திரிகைச் செய்தியைக் காட்டினால் போதாது, ஆய்வுக் கட்டுரையையே திறக்க வேண்டும். சோதனை மனிதர்களிடம் நடந்ததா, எலிகளிடமா? எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு இருந்ததா? அந்த ஆய்வு பிறகு திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட, லான்செட் மருத்துவ இதழின் 1998 கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. அதைக் காட்டிப் பயமுறுத்துவது இன்னும் நின்றபாடில்லை.

அதன் பிறகே கட்டுரை அந்தத் துறை மருத்துவரிடம் போகும். அவர் முதலில் கை வைக்க வேண்டியது மருந்தின் அளவில். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப், 5 மில்லியில் 120 மி.கி. உள்ளதும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. ‘5 மில்லி கொடுங்கள்’ என்று மொட்டையாக எழுதினால், வீட்டில் இருக்கும் பாட்டிலைப் பொறுத்து மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி., எந்த வீரியம், எத்தனை மணி நேர இடைவெளி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை என்று நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அந்த வரியை வெளியிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து. ரத்தச் சர்க்கரையிலும் இதே ஆபத்து: லிட்டருக்கு 7 மில்லிமோல் என்பதும் டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 126 மி.கி. என்பதும் ஒன்றுதான், அலகு எழுதாவிட்டால் படிப்பவர் குழம்பிப்போவார்.

கேள்வி: படிக்கிற நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சரிபார்த்தவரின் பெயரும் துறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இதயத்தைப் பற்றிய கட்டுரையைத் தோல் மருத்துவர் பார்த்திருந்தால் அது போதாது.

சதவீதம் வந்தால், ‘எதில்?’ என்று கேளுங்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது. நூறில் 5 பேருக்கு வரக்கூடியது ஏறக்குறைய 6 பேருக்கு வரும் என்பதே அதன் பொருள். நூறில் 18 பேருக்கு வரும் என்பதல்ல.

தேதியையும் பாருங்கள். மாரடைப்பு வராமலிருக்க வயதானவர்கள் தினமும் ஆஸ்பிரின் எடுக்கலாம் என்று பழைய பக்கங்களில் இருக்கும். இதய நோய் இல்லாத, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே மருத்துவர் சொல்லிச் சாப்பிடுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.