காலையில் கால் கனக்கிறது, மாலையில் ஓட வருகிறது: எப்போது ஓடலாம்?

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று மாதமாக ஓடிவருகிறேன். அலாரம் வைத்துக் காலை 5 மணிக்கு எழுந்து ஓடினால் கால் இரும்பாய்க் கனக்கிறது. 5 கிலோமீட்டருக்கு 32 நிமிடம் ஆகிறது. விடுமுறை நாளில் மாலை 6 மணிக்கு ஓடினால் அதே தூரத்தை 30 நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். ஆனால் நண்பர்களோ, ‘காலையில் வெறும் வயிற்றில் ஓடினால்தான் கொழுப்பு கரையும், மாலையில் ஓடினால் தூக்கம் கெடும்’ என்கிறார்கள். நான் படுக்க இரவு 12 மணி ஆகிவிடும். எந்த நேரம் எனக்குச் சரி?

பதில்: ஓட்டத்தை விடுங்கள், முதலில் தூக்கத்தைப் பார்ப்போம். 12 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்தால் ஐந்தே மணி நேரம். வயது வந்த ஒருவருக்குக் குறைந்தது 7 மணி நேரமாவது வேண்டும். விடுமுறை நாளில் ஆசைதீரத் தூங்கிவிட்டு மாலையில் ஓடுகிறீர்கள். வேலை நாளில் அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடுகிறீர்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘காலையா மாலையா’ என்று கேட்டால், பாவம், காலை தோற்கத்தான் செய்யும்.

அதற்காகக் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசமே கிடையாது என்று சொல்லவில்லை. உடலின் உள்வெப்பம் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. நாம் இயல்பாக விழிப்பதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பு அது மிகக் கீழே இருக்கும். மெல்ல ஏறி, பிற்பகலின் பின்பகுதியிலும் முன்மாலையிலும் உச்சத்தைத் தொடும். ஏற்ற இறக்கம் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி செல்சியஸ் வரைதான். ஆனால் தசை சுருங்கி விரியும் வேகம், மூட்டின் நெகிழ்வு, நரம்பு செய்தி கடத்தும் வேகம் எல்லாம் அந்தச் சூட்டோடு சேர்ந்தே ஏறும். அலாரம் இல்லாத நாளில் நீங்கள் ஏழு, ஏழரைக்கு விழிப்பவர் என்றால், 5 மணி என்பது உங்கள் உடல் மிகக் குளிர்ந்திருக்கும் நேரம். கால் கனக்காமல் என்ன செய்யும்?

ஆனாலும் நேரத்தால் மட்டும் வரும் வித்தியாசம் சில சதவீதம்தான். அதையும் பழக்கம் குறைத்துவிடும். தொடர்ந்து சில வாரம் காலையிலேயே ஓடுபவருக்குக் காலை ஓட்டம் மேம்பட்டு, மாலையோடு உள்ள இடைவெளி சுருங்குகிறது. ரோஜர் பேனிஸ்டர் 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாக உடைத்தது மாலை நேரத்தில். எலியுட் கிப்சோகே 2019இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் கடந்தது காலையில். எந்த நேரத்துக்கு உடலைத் தயார் செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

இனி அந்த வெறும் வயிற்று விவகாரம். இதில் பாதி உண்மை. இரவு முழுக்கச் சாப்பிடாததால் கல்லீரலில் இருக்கும் கிளைகோஜன் (உடல் சேர்த்துவைக்கும் மாவுச்சத்து) சேமிப்பு குறைந்திருக்கும். அதனால் ஓடும்போது கொழுப்பு சற்று அதிகமாகவே எரியும். ஆனால் உடல் 24 மணி நேரமும் வரவு செலவு பார்க்கிறது. காலையில் கொழுப்பை அதிகம் எரித்தால், பிறகு அதைக் குறைவாக எரித்துச் சமன் செய்துகொள்ளும். மொத்தம் எவ்வளவு சாப்பிட்டோம், எவ்வளவு உழைத்தோம் என்பதே எடையைத் தீர்மானிக்கும். அரை மணி நேர மிதமான ஓட்டத்துக்கு வெறும் வயிறு தடையில்லை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ, வேகப் பயிற்சி என்றாலோ கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஓடுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். மாலையில் கடுமையாக ஓடினால் சிலருக்கு நள்ளிரவில், தூக்கத்திலேயே சர்க்கரை தாழ்ந்துவிடும்.

மாலையில் ஓடினால் தூக்கம் கெடும் என்பது பெரும்பாலானோருக்குப் பொருந்தாது. படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க ஓடி முடித்தால்தான் சிக்கல். உங்களுக்கோ ஏழு மணிக்கு ஓட்டம் முடிந்தால் படுக்க இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.

மாலையின் உண்மையான எதிரிகள் வேறு: வெயிலும் காற்று மாசும். வெயில் காலத்தில் தரை பகல் சூட்டை விடாமல் வைத்திருக்கும். வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்து தரையருகே உருவாக்கும் ஓசோன் மாசும் பிற்பகலில்தான் கூடும். அந்த மாதங்களில் சூரியன் உதிக்கும் நேரமே மேல். குளிர்காலத்தில் கதை தலைகீழ். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுவதால், புகையும் தூசும் கீழேயே தேங்கிக் கிடக்கும். அப்போது விடியற்காலைக் காற்று சுத்தமானது என்று நம்பி ஓடாதீர்கள். உங்கள் ஊரின் காற்றுத் தர அளவைப் பார்த்துவிட்டு ஷூ மாட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் தீர்ப்பு இது: இப்போதைக்கு வேலை நாளில் மாலை 6 மணிக்கு ஓடுங்கள். மதிய உணவுக்கும் ஓட்டத்துக்கும் இடையே மூன்று மணி நேரம் இருக்கட்டும். அலுவலகத்தில் மாலை என்பது உங்கள் கையில் இல்லாத நேரம் என்றால் (பலர் மாலை ஓட்டத்தைக் கைவிடுவது இதனால்தான், உடலால் அல்ல), காலைக்கே திரும்புங்கள். ஆனால் அலாரத்தை மாற்றும் முன் படுக்கும் நேரத்தை மாற்றுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னே தள்ளி, 10 மணிக்குக் கொண்டுவந்த பிறகு 5 மணிக்கு எழலாம்.

காலையில் எழுந்ததும் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம். இரவில் முதுகெலும்புத் தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். நாம் காலையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பது அதனால்தான். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம். பத்து நிமிடம் வேகமாக நடந்து, பிறகு மெதுவோட்டம், அதன் பிறகே வேகம். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் ஏற்கெனவே இருந்தாலோ, இதய நோய்க்கு மருந்து எடுத்தாலோ, மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு ஓடத் தொடங்குங்கள். மாரடைப்பு அதிகம் நிகழ்வது காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

பெரும்பாலான மாரத்தான் போட்டிகள் காலையில்தான் தொடங்கும். பெயர் கொடுத்திருந்தால், கடைசி மூன்று வாரம் உங்கள் நீண்ட ஓட்டங்களைப் போட்டி தொடங்கும் அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கால் மட்டுமல்ல, வயிறும் அந்த நேரத்துக்குப் பழக வேண்டும்.