அஜர்பைஜான் கம்பளத்தில் பிரெஞ்சு ரோஜாவும் சீன டிராகனும்

கேள்வி: அஜர்பைஜானின் கராபாக் பகுதிக் கம்பளம் ஒன்றின் படம் பார்த்தேன். கறுப்புத் தரையில் கொத்துக் கொத்தாக ரோஜா. அங்கேதான் நெய்தார்களா?

பதில்: அங்கேதான். பூ மட்டும் வெளியூர்ப் பூ. 1805இல் கராபாக் ரஷ்யாவின் கீழ் போனது. அப்புறம் ரஷ்ய ஆலைகளின் பூப்போட்ட துணி, வர்ணத் தட்டு, சோப்பு உறை, மிட்டாய்த் தாள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்தன. ரஷ்யச் சீமான்களுக்கு அப்போது பிரெஞ்சு ரசனை. ரோஜா மோகமும் அந்த வழியில் வந்ததுதான். தறியில் முடிச்சு முடிச்சாகக் கட்டும்போது கோடு படிப்படியாகத்தான் ஏறும். வளைவு கொண்டுவருவது பெரும்பாடு. கராபாக் பெண்கள் சிவப்பிலும் ரோஸ் நிறத்திலும் பல சாயல்களை அடுக்கி, இதழுக்கு நிழலே காட்டிவிட்டார்கள். 'சட்டியில் பூக்கள்', 'தோட்டத்துப் பூக்கள்' என்று இவற்றில் வகைகளும் உண்டு. கலப்படம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இவ்வளவு கைத்திறனை வேறெந்தப் பெயரில் பாராட்டுவது?

கேள்வி: இந்தக் கம்பளங்களில் வரும் டிராகன் சீனச் சரக்கா?

பதில்: ஆமாம். 13ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களான இல்கான்கள், அஜர்பைஜானுக்குத் தெற்கே தப்ரீஸில் தலைநகர் அமைத்தார்கள். சீனாவின் டிராகன், ஃபீனிக்ஸ் பறவை, மேகச் சுருள் மூன்றும் அவர்கள் காலத்தில் மேற்கே பரவின. அஜர்பைஜானை உள்ளடக்கிய காகசஸ் மலைப் பகுதியின் 17ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களில் டிராகன் 'எஸ்' எழுத்து மாதிரி கோணலாக நிற்கும். யாராவது சொன்னால்தான் தெரியும்.

கேள்வி: மாங்காய் டிசைன் நாம் கொடுத்ததுதானே, ஐயா?

பதில்: அவ்வளவு சுலபமாகச் சொந்தம் கொண்டாட முடியாது. அது ஈரானிலும் பழையது. அஜர்பைஜானில் பலர் அதைத் தீச்சுடர் என்பார்கள். காஷ்மீர்ச் சால்வை அதற்குப் புது மவுசு தந்தது உண்மை. அஜர்பைஜான் தலைநகர் பாகு பக்கத்துச் சுராகானி அக்னிக் கோயிலில் இந்திய வணிகர்களின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 'கிலா பூத்தா' என்ற மாங்காய்க் கம்பளத்துக்குப் பெயர் தந்த ஊரும் அந்தப் பக்கம்தான்.

கேள்வி: வெளியிலிருந்து வந்ததில் கெடுதல் எதுவுமே இல்லையா?

பதில்: சாயம். 1856இல் இங்கிலாந்தில் பெர்கின் அனிலின் என்ற செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868இல் மஞ்சிட்டி வேரின் சிவப்பையும் ரசாயனத்தில் செய்துவிட்டார்கள். காகசஸில் குபா, டெர்பென்ட் ஊர்ப் பக்கத்து மஞ்சிட்டிச் சாகுபடி அதோடு படுத்துவிட்டது. ஆரம்ப கால அனிலின் சாயம் வெயிலில் வெளுக்கும். பழைய கம்பளம் வாங்கும்போது முடியை விரித்து அடியைப் பாருங்கள்: அடியில் பளீரென்றும் நுனியில் வெளிறியும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.