நடைப்பயிற்சி நிலைத்தது, கார் ஏன் நிற்கவில்லை?

வாசகர் கேள்வி: சர்க்கரை நோய் இருப்பது தெரிந்த நாளிலிருந்து நான்கு ஆண்டுகளாகத் தவறாமல் நடக்கிறேன். காலநிலை மாற்றம் பற்றி என் நோயைவிட அதிகமாகக் கவலைப்படுகிறேன்; ஆனாலும் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூடக் காரை எடுத்துவிடுகிறேன். என் மன உறுதி இங்கே மட்டும் ஏன் தோற்கிறது? எண்பது வயதான தாயாரின் அறையில் ஏ.சி. ஓடுவதும் உறுத்துகிறது. ஆண்டுக்கு ஒரு தொகை கட்டினால், அதைக் கொண்டு எங்கோ ஒரு காட்டைக் காத்து, நான் வெளியிடும் கார்பனை ஈடுகட்டித் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள உங்கள் முதல் கேள்விக்கான விடை தேவைப்படும்.

நான்கு ஆண்டுகள் விடாமல் நடப்பவருக்கு மன உறுதி இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பழக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு, செய்ததற்குப் பதில் கிடைக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. உணவுக்குப் பின் நடந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரை இறங்குவதைக் கருவி காட்டுகிறது. மூன்று மாதச் சராசரி குறைந்தால் மருத்துவர் பாராட்டுகிறார். நோயும் உங்களுடையது, பலனும் உங்களுடையது. காரை எடுக்காத நாளிலோ எந்தக் கருவியும் உங்களுக்கு எதையும் காட்டுவதில்லை. கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கிவிடுவதால், நீங்கள் தவிர்த்த புகையின் நன்மை பெரும்பாலும் நீங்கள் காணப்போகாத மனிதர்களுக்கே சேர்கிறது. எனவே இந்தப் பழக்கத்தைத் தாங்கி நிற்பவை கடமையுணர்வும், மற்றவர்களும் செய்கிறார்கள் என்ற நம்பிக்கையும்தான். அந்த நம்பிக்கையின் வலிமையைக் குறைத்து எடைபோட வேண்டாம்: 2008இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுச்சூழலைக் காக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்ட விடுதி விருந்தினர்களில் சுமார் 35 விழுக்காட்டினர் துண்டை மீண்டும் பயன்படுத்தினர், பெரும்பாலான விருந்தினர்கள் அவ்வாறே செய்கிறார்கள் என்று தெரிவிக்கப்பட்டபோது அது சுமார் 44 விழுக்காடானது.

ஆகவே கவலையை இன்னும் கூட்டிக்கொள்ளாதீர்கள். காரை நிறுத்தும் வேலையை, ஏற்கெனவே பலன் தந்துகொண்டிருக்கும் உங்கள் நோயிடம் ஒப்படையுங்கள். "இரண்டு கிலோமீட்டருக்கு உட்பட்ட இடமென்றால் நடந்தே போவேன், அது அன்றைய நடைக் கணக்கில் சேரும்" என்று முன்கூட்டியே ஒரு விதியாக வகுத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று மனத்தோடு வாதாட வேண்டியிருக்காது. ஒரு பழக்கம் தானாக நடக்கத் தொடங்கச் சராசரியாக 66 நாட்கள் பிடித்ததாக 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. சிலருக்கு 18 நாட்கள் போதும், சிலருக்கு 250 நாட்களுக்கும் மேல் ஆகலாம். ஆனால் பொறுப்பு முழுவதும் உங்களுடையதன்று. நடைபாதையே இல்லாத சாலைகளைப் போட்டுவிட்டு, பேருந்துகளையும் குறைத்துவிட்டு, மீதியைக் குடிமகனின் மனசாட்சி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடும் நிர்வாகங்களைப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. புகைப்பழக்கம் குறைந்ததற்கு அறிவுரை மட்டும் காரணமன்று. வரியும் தடையும் சேர்ந்தே அதைக் குறைத்தன.

இனி அந்த முகவர். காற்று தராத பதிலை அவர் ரசீதாக அச்சிட்டுத் தருகிறார். அதனால்தான் அவர் சொல்வது உங்களுக்கு இனிக்கிறது. ஆனால் சர்க்கரைக் கருவி காட்டும் எண்ணை நீங்களே மறுமுறை சோதித்துப் பார்க்கலாம். ஈடுகட்டியதாக ரசீதில் உள்ள கார்பன் டன் கணக்கைச் சோதிக்க உங்களுக்கு வழியில்லை. உங்கள் பணம் இல்லாவிட்டாலும் அந்தக் காடு அப்படியே நின்றிருக்குமா, அதே டன் வேறு எவருக்கும் விற்கப்பட்டிருக்கிறதா, நாளை அந்த மரங்கள் தீப்பற்றினால் யார் பொறுப்பு, உங்கள் தொகையில் இடைத்தரகுக்குப் போவது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையாக நடத்தப்படும் திட்டங்களிலேயே முதல் கேள்விக்கு உறுதியான விடை சொல்வது கடினம். கமிஷனுக்கு விற்பவரால் அது முடியாது. இதைவிடப் பெரிய தீங்கு, கணக்குத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் கார்ச் சாவி மீண்டும் கைக்கு வந்துவிடுவது. செல்வ நாடுகளை வைத்து 2017இல் செய்யப்பட்ட ஒரு கணக்கீட்டின்படி, கார் இல்லாமல் வாழ்வது ஆண்டுக்குச் சுமார் 2.4 டன்னையும், அட்லாண்டிக்கைக் கடந்து திரும்பும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்ப்பது சுமார் 1.6 டன்னையும் மிச்சப்படுத்தும். பச்சை இலை முத்திரை குத்திய பொருட்களை வாங்கிக் குவிப்பதால் இந்த அளவை எட்ட முடியாது.

உங்கள் தாயாரின் அறை இந்தக் கணக்கில் சேராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், மனசாட்சியுள்ள குடும்பங்கள்தாம் இந்தத் தவற்றைச் செய்கின்றன. முதுமையில் தாக உணர்வு மங்குகிறது, வியர்ப்பது குறைகிறது. சிறுநீர் பெருக்கும் மாத்திரை போன்ற சில மருந்துகள் ஆபத்தை மேலும் கூட்டுகின்றன. வெளிக்காற்று உடலைவிட மிகவும் சூடாக இருக்கும்போது மின்விசிறி மட்டும் அவரைக் காக்காது. அவர் "வேண்டாம், எனக்குப் புழுங்கவில்லை" என்று சொன்னாலும் அதை நம்பி ஏ.சி.யை அணைக்காதீர்கள், அந்த வயதில் உடல் சூடேறுவது உடையவருக்கே தாமதமாகத்தான் தெரியும். வெயில் நேரத்தில் கதவையும் திரையையும் மூடி, மின்விசிறியையும் சேர்த்து ஓடவிட்டால், ஏ.சி.யை 26 டிகிரி அளவில் வைத்தே பெரும்பாலும் சமாளிக்கலாம். அதற்கும் அவர் சோர்ந்து காணப்பட்டால் தயங்காமல் இன்னும் குறையுங்கள்.