9 மணிக்குப் படுக்கிறான், 12 மணிக்குத் தூங்குகிறான்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது, ஆட்டிசம் உண்டு. 9 மணிக்குப் படுக்கவைத்தால் தூங்க நள்ளிரவு ஆகிறது, 3 மணிக்கு மறுபடி எழுந்துவிடுகிறான். தூக்கம் வரவைக்கும் மெலடோனின் மருந்து கொடுக்கலாமா? சளி மருந்து கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.

பதில்: சளி மருந்து வேண்டவே வேண்டாம் அம்மா. சில குழந்தைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் துள்ளலையும் எரிச்சலையும்தான் கொண்டுவரும். அவன் அடம் பிடிப்பதாகவும் நினைக்காதீர்கள், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் தொல்லை இருக்கிறது.

முதலில் காரணத்தைத் தேடுவோம். மலச்சிக்கலோ நெஞ்செரிச்சலோ பல்வலியோ இருந்தாலும் அவனுக்குச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். குறட்டைவிட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா, உடம்பு விறைத்து வெட்டுகிறதா, காலை உதறிக்கொண்டே இருக்கிறானா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் உதறலுக்கு இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், ரத்தத்தில் ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டும் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் ஒரு ராத்திரி நீங்களே அவன் இடத்தில் படுத்துப் பாருங்கள்: கழுத்தில் உரசும் சட்டை லேபிள், சுவிட்ச் போர்டின் சிவப்பு விளக்கு, மின்விசிறியின் டக் டக், நமக்கு உறைக்காத இதெல்லாம் அவனை விழிக்கவைக்கும்.

அடுத்தது நேரம். 9 மணியிலிருந்து மூன்று மணி நேரம் படுக்கையில் புரண்டால், படுக்கை என்றாலே விழித்திருக்கும் இடம் என்று அவனுக்குப் பதிந்துவிடும். அதனால் கொஞ்ச நாளைக்கு அவன் உண்மையில் தூங்கும் நேரத்துக்கே, அதாவது 12 மணி வாக்கில் படுக்கவையுங்கள். காலையில் எழுப்பும் நேரம் ஞாயிற்றுக்கிழமை உட்பட மாறக்கூடாது. படுத்ததும் தூங்க ஆரம்பித்தால் சில நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். கேட்கத் தலைகீழாகத்தான் இருக்கும், ஆனால் பல குழந்தைகளிடம் வேலை செய்கிறது. பல் துலக்குவது, உடை மாற்றுவது, கதை, விளக்கணைப்பு என்று படம் வரைந்து சுவரில் ஒட்டினால், அடுத்து என்ன வரும் என்று தெரிந்து அவன் அமைதியாவான்.

இதெல்லாம் செய்தும் சரிவரவில்லை என்றால் மெலடோனின். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2020இல் தந்த வழிகாட்டுதலும் இதே வரிசையைத்தான் சொல்கிறது. பெரும்பாலும் 1 மில்லிகிராம் போலச் சிறிய அளவில், படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் தொடங்குவார்கள். சாதாரண மெலடோனின் தூக்கத்தைத் தொடங்கிவைக்கத்தான் அதிகம் உதவும், 3 மணி விழிப்புக்கு அவ்வளவாக உதவாது. நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், சில தயாரிப்புகளில் லேபிளில் உள்ள அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒன்றாக இருப்பதில்லை, மருத்துவர் எழுதித் தரட்டும்.

3 மணிக்கு எழுந்தால் விளக்கும் போனும் வேண்டாம், "ராத்திரிதான், படு" என்று தினமும் அதே வார்த்தைகள் போதும். ஒரு நாள் நீங்கள், மறுநாள் வீட்டில் வேறொருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் தூங்கவேண்டும்.